சத்துணவுக் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு: குமரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குளச்சல், முட்டம், தூத்தூர் கரையில் அப்பா கடலில் இருப்பார், அம்மா மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருப்பார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடோ ஒரு கட்டன் சாயாவோடோதான் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளியில் கிடைக்கிற சோறுதான் அவர்களுக்கு அன்றைய முதல் சரியான சாப்பாடு.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அரசாங்கம் ஒரு பிள்ளைக்கு என்று ஒரு பங்கு எழுதி வைத்திருக்கிறது. இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு, ஒரு முட்டை. அந்தப் பங்கு குறையாமல், சுத்தமாக, சூடு ஆறாமல் அந்தப் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேர வேண்டும். சமையல் உதவியாளரின் வேலை முழுவதும் இதற்காகத்தான். கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

எந்த வேலை, எங்கே மனு

நம் பக்கம் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது பள்ளிச் சத்துணவு மையம். அங்கே அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பொறுப்புகள். உதவியாளர் வேலை பெண்களுக்கு உரியது. 2025-ல் வந்த அறிவிப்பின்படி பத்தாம் வகுப்பில் தேறியவரும் மனுப் போடலாம், தவறியவரும் போடலாம். பொது வயது வரம்பு 21 முதல் 40. பழங்குடியினர், கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்களுக்குத் தொடக்க வயதில் சலுகை உண்டு. முதல் ஒரு வருடம் தொகுப்பூதியமாக மாதம் 3,000 ரூபாய். அந்த ஒரு வருடத்தை நிறைவாக முடித்தபின், காலம் ஆக ஆக உயர்கிற சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குப் போவீர்கள்.

வீட்டிலிருந்து மையம் 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. நம்மூரில் பலர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்திருப்பார்கள், ரேஷன் கார்டில் பேர் இன்னும் அம்மா வீட்டில் இருக்கும். அறிவிப்பு வந்தபிறகு முகவரி மாற்ற ஓடினால் கடைசித் தேதி போய்விடும். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் ஒரே முகவரி இருக்கும்படி இப்போதே சரிசெய்து வையுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் இவற்றின் நகல்களும் தயாராக இருக்கட்டும். கைம்பெண், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளி என்ற முன்னுரிமை கேட்பவர்கள் அதற்கான சான்றையும் சேர்க்க வேண்டும்.

மனுவை உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, ராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம். நாகர்கோவில் மாநகராட்சியிலோ நகராட்சிகளிலோ இருப்பவர்கள் அந்தந்த அலுவலகத்தில் கொடுக்கலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. "நான் சொன்னால் கிடைத்துவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாதம் 3,000 ரூபாய் வேலைக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கடனை எத்தனை வருடம் அடைப்பது?

இரண்டாவது அங்கன்வாடி உதவியாளர். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், பொது வயது 20 முதல் 40, முதல் வருடம் மாதம் 4,100 ரூபாய் என்பது 2025 அறிவிப்பு. இதற்கான மனு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் போகும். சமையல் இதில் ஒரு பாதிதான். பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவருவது, கை கால் கழுவிவிடுவது, தூங்கவைப்பது, எடை பார்க்கும் நாளில் பணியாளருக்கு ஒத்தாசை செய்வது எல்லாம் உங்கள் கையில். சின்னப் பிள்ளைகள் அழுதால் எரிச்சல் வரும் என்பவர்கள் பள்ளி மையத்துக்குப் போவதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மூன்றாவது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. இங்கே சமைப்பவர்களை மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கிறார்கள். அதே ஊர்க்காரராக இருப்பது, குழுவில் சில வருடம் உறுப்பினராக இருந்தது, ஆண்ட்ராய்டு போன் கையாளத் தெரிவது, பிள்ளை அதே பள்ளியில் படிப்பது இவற்றைப் பார்ப்பார்கள். குழுவில் இல்லாதவர்கள் முதலில் குழுவில் சேருங்கள்.

வேலைக்குப் போகும் முன் உடம்பையும் உடுப்பையும்

உடல் தகுதிச் சான்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, டைபாய்டு இருக்கிறவர் சமையல்கூடத்துக்குள் வரவே கூடாது. வயிற்றுப்போக்கு நின்றபின்னும் இரண்டு நாள் விட்டு வருவதுதான் முறை. லீவு கேட்கத் தயங்கி, மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நின்றால் ஒரே பந்தியில் அறுபது பிள்ளைகளுக்கு அந்த நோய் போகும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாதபடி கட்டுப்போட்டு, உறை மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நைலான் சேலை வேண்டாம், பருத்திதான் நல்லது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏப்ரன் கட்டுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். தலைக்குத் தொப்பி. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளை இருக்கிற மாவட்டம், பூ வைக்காமல் வெளியே போவது பலருக்குக் கஷ்டம்தான். ஆனால் பிச்சிப்பூ இதழ் சாம்பாரில் விழும், அதோடு முடியும் விழும். பூவைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு

புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது கணக்கு, சமையலைவிட முன்னால். வீட்டில் நாம் கண்ணளவில் சமைக்கிறோம், ருசியாகவும் வரும். இங்கே கண்ணளவு என்றால் யாரோ ஒரு பிள்ளையின் பங்கு குறையும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் மதியத்துக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, ஏழரை கிராம் எண்ணெய். இதிலிருந்து சின்னவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், பெரியவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது தேசிய அளவுகோல். அன்றைக்கு 60 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் அரிசி 6 கிலோ, பருப்பு 1 கிலோ 200 கிராம், காய்கறி 3 கிலோ, எண்ணெய் 300 கிராம். இந்தப் பெருக்கலை அமைப்பாளர் செய்வார். நீங்களும் மனதில் போட்டுப் பாருங்கள், தராசில் நிற்பது உங்கள் கைதானே.

காய்கறியில்தான் அதிகம் தவறும். 3 கிலோ என்று வாங்கி, தோலும் காம்பும் போனபின் இரண்டேகால் கிலோ இருந்தால் பங்கு குறைந்துவிட்டது. வடசேரிச் சந்தையிலோ மார்த்தாண்டம் சந்தையிலோ வாங்கும்போதே கழிவு குறைவான காயைப் பாருங்கள். முருங்கைக்கீரை நம்மூரில் வேலிக்கு வேலி நிற்கிறது. ஊர்க்காரர்கள் தருவதானால் அமைப்பாளரிடம் கேட்டு வாங்கிச் சாம்பாரில் போடுங்கள். பப்பாளிக்காய், தடியங்காய் (வெண்பூசணி), வாழைத்தண்டும் அப்படியே.

காலை உணவில் ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். சாம்பார் காய் இல்லாமல் இருக்கக் கூடாது.

அரிசி, முட்டை, சேமிப்பு

வருகிற அரிசி செறிவூட்டப்பட்டதாக இருக்கலாம். நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்திருப்பார்கள். அந்த மணி கொஞ்சம் நிறம் மாறி இருக்கும், சில சமயம் களையும்போது மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எறிவது பிள்ளையின் ரத்தத்துக்குப் போக வேண்டிய சத்து. பெற்றோர் வந்து கேட்டால் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் சோற்றை நிறைய வெள்ளத்தில் (தண்ணீரில்) வேகவைத்து வடிப்பதுதான் பழக்கம். கூடத்தில் அளந்த தண்ணீரில் பொங்கி இறக்கப் பழகுங்கள். களைவதும் ஒன்றிரண்டு முறை போதும்.

மூட்டைகளைத் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மற்ற பல மாவட்டங்களில் முக்கியமாக ஒரு மழைக்காலம்தான். இங்கே ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பெய்யும். கொஞ்சம் அசந்தால் பருப்பில் பூஞ்சை, ரவையில் வண்டு. பழைய மூட்டை முன்னால், புதியது பின்னால். வெயில் அடிக்கிற நாளில் பருப்பைக் காயப்போடுவது நல்லது. பூஞ்சை வாடை வந்தால் கழுவிச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். எடுத்துத் தனியாக வைத்து அமைப்பாளரிடம் காட்டி எழுத வையுங்கள்.

முட்டை பள்ளி வேலைநாள் ஐந்திலும் உண்டு. அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் மூன்று. வண்டியில் வந்ததும் எண்ணி, முத்திரை பார்த்து, விரிசல் விட்டதைத் தனியே எடுத்து, அப்போதே சொல்லித் திருப்ப வேண்டும். வண்டி போனபிறகு சொன்னால் கணக்கு உங்கள் தலையில். முட்டையை முன்கூட்டியே கழுவி வைக்காதீர்கள், வேகப்போடும் முன்தான் கழுவ வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல முட்டை கீழே படுக்கும். மேலே மிதந்தால் வெளியே போடுங்கள். கொதி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். மிளகு முட்டை, மசாலா முட்டை என்று அன்றைய பட்டியலில் இருப்பதைச் செய்யுங்கள். வெறும் அவித்த முட்டையோடு நிறுத்திக்கொள்வது வேலையை மிச்சம் பிடிப்பதுதான். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. அந்தப் பிள்ளைகள் யார் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுப்பில்

வந்ததும் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, வாசனை பார்த்தபிறகே தீக்குச்சியைத் தொடுங்கள். எரிவாயுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். முதலில் பருப்பு, அடுத்து அரிசிக்கு உலை, அதற்குள் காய் கழுவி நறுக்குவது. கழுவியபின் நறுக்க வேண்டும், நறுக்கியபின் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். காலை உணவுக்காரர்கள் நேரம் மிச்சம் என்று முந்தின இரவே காயை நறுக்கி வைக்கிறார்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் அது விடியுமுன் கெட ஆரம்பித்திருக்கும். பருப்பை ஊறவைப்பது, சாமான்களை எடுத்து வைப்பது இதோடு இரவு வேலை முடியட்டும்.

கொதிக்கும் அண்டாவை ஒருபோதும் ஒற்றை ஆளாக இறக்காதீர்கள். இரண்டு பேர், கனமான துணி, வழியில் பிள்ளைகள் இல்லை என்று பார்த்து, "இறக்குகிறேன்" என்று குரல் கொடுத்து இறக்க வேண்டும். கை வெந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் தடவக் கூடாது.

சமையல்கூடத்தில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடே அழுத இரண்டு நாட்கள் உண்டு, இரண்டுமே ஜூலை 16. 2004-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் போய் 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2013-ல் பீகாரில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவில் பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே சமையல்கூடத்துக்குள்ளும் சாமான் அறைக்குள்ளும் பூச்சிமருந்து, பினாயில், மண்ணெண்ணெய் வரவே கூடாது. வாழைக்கோ ரப்பருக்கோ மருந்தடித்த கேன் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. எண்ணெயில் வேறு வாடை வந்தால் அதைத் தொடாதீர்கள். தாமதம் ஆனாலும் பரவாயில்லை, சோறு மட்டும் போட்டாலும் பரவாயில்லை. அடுப்பு எரியும்போது பிள்ளைகளை உள்ளே விடவும் கூடாது, தண்ணீர் தூக்கச் சொல்லவும் கூடாது.

விளம்பும்போது (பரிமாறும்போது)

பிள்ளைகளுக்குப் போடும் முன் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், அவர்களில் ஒரு ஆசிரியராவது, சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதை வெறும் கையெழுத்தாக்கிவிடக் கூடாது. ஆசிரியருக்கு வேலை இருந்தாலும் ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைய உணவில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மூடிய பாத்திரத்தில் மறுநாள் வரை எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ஏதாவது நேர்ந்தால் சோதிக்க அது வேண்டும்.

பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவியபிறகுதான் தட்டு. ஒரே அளவுக் கரண்டியால் கோரிப் போடுங்கள். சாம்பாரை அடியிலிருந்து கலக்கிவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் முதலில் வருகிறவனுக்கு வெள்ளமும் கடைசியில் நிற்கிறவனுக்குப் பருப்பும் போகும். இரண்டாவது தடவை கேட்கிற பிள்ளையிடம் முகம் சுளிக்காதீர்கள். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளையை நீங்களே பார்த்துக் கேளுங்கள்.

யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் சாதி, மதம் எதுவும் நுழையக் கூடாது. சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த மண் இது. தனித்தட்டு, தனி வரிசை என்று யாராவது ஆரம்பித்தால், அது உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும், உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் சாதியைச் சொல்லி, நீங்கள் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி குற்றம். தலைகுனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து மிஞ்சுகிறது என்றால் காரணம் தேடுங்கள். உப்புக் கூடியிருக்கலாம், சோறு குழைந்திருக்கலாம். புளிச்சோற்று நாளில் சில கடற்கரைப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதியில் எழுந்துபோவார்கள். கறிவேப்பிலையும் வறுத்த கடலையும் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் தட்டு காலியாகும். பட்டியலை மாற்ற உங்களுக்கு அதிகாரம் கிடையாது, பக்குவத்தை மாற்ற உண்டு.

சாப்பிட்டபின் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டாவது பிள்ளையும் எடுத்தால் விளம்புவதை நிறுத்திவிட்டு 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மீதி உணவைக் கொட்டிவிடாதீர்கள், மூடி வையுங்கள். பயத்தில் அண்டாவைக் கழுவி வைத்துவிட்டால், டாக்டருக்குக் காரணம் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

மழை நாள், முகாம், காகிதங்கள்

திடீர் விடுமுறை நம் மாவட்டத்தில் சகஜம். காலை உணவுக்காரர்கள் அடுப்பை மூட்டும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு போன் போட்டுவிடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது போல, பெருமழையிலும் புயலிலும் பள்ளிகள் முகாமாகும். அப்போது சமைக்கக் கூப்பிட்டால் எழுத்தில் உத்தரவு வாங்கி, பள்ளிச் சாமானையும் முகாமுக்கு வந்த சாமானையும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். முகாமில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருப்பார்கள் என்பதால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் முதல் வேலை. வெள்ளம் புகுந்த கிணற்றின் தண்ணீரைக் குளோரின் போடாமல் பாத்திரம் கழுவக்கூட எடுக்க வேண்டாம்.

உங்களுக்கென்று ஒரு கோப்பு வையுங்கள். நியமன உத்தரவு, சேர்ந்த தேதிக்கான சான்று, பயிற்சிச் சான்று, லீவுக் கடிதங்களின் நகல், சம்பளம் வரும் வங்கிக் கணக்குப் புத்தகம். ஒரு வருடம் முடிந்து காலமுறை ஊதியத்துக்குப் போகும்போது சேர்ந்த தேதியில் குழப்பம் வந்தால் இந்தக் காகிதம்தான் பேசும். பிற்பாடு சமையலராகப் பதவி உயர்வு கேட்கும்போதும் அப்படியே. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் விட்டுப்போன பாடங்களைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுங்கள். விண்ணப்ப நாட்களை ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள், அவர்களில் பலர் பாடமும் சொல்லித் தருவார்கள்.